பைகளுக்குக் காவலாக அப்பத்தா

கோடை தொடங்கியதும் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கமும் செக்காலைச் சாலையிலும் பயண முகவர்களின் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. ஒருபுறம் வெள்ளை வெளேரென்று ஒரு சொகுசுக் கப்பல். மறுபுறம் வானத்தில் தலைகீழாகச் சுழலும் இராட்டினம். நடுவே, தோளில் பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் தாத்தா, பக்கத்தில் பாட்டி. மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஒரே பயணம்: கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு நாள், கப்பலில் மூன்று இரவு. பணத்தைத் தவணையில் கட்டலாம்.

இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. வழக்குத் தொடுப்பவனே குற்றவாளியும்கூட என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேளிக்கை என்றாலே முகம் சுளிக்கிறவன் அல்லேன். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்திலும் வயலிலும் அடுப்படியிலும் உழைத்தவர்கள் ஒருமுறை கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பாவம் என்று யாரேனும் சொன்னால், அவரோடு நான் வாதிட ஆயத்தமாக இருக்கிறேன். வயதானவர்களுக்கு வேளாங்கண்ணியும் ஓரியூரும் போதாவா என்று நம் பங்குகளில் சிலர் கேட்பதுண்டு. திருப்பயணம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளுக்குக் கடலும் இராட்டினமும், பெற்றோருக்குச் செபமாலை மட்டும் என்று பங்கு பிரித்துக்கொடுக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்கள்? பக்தியின் பெயரால் முதியவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு இது ஒரு நாகரிகமான சாக்கு, வேறொன்றுமில்லை.

என் வழக்கு, அவர்களை அழைத்துச் சென்றவர்கள் மீது. அதாவது, என் போன்றவர்கள் மீது.

2023 மே மாதம் நாங்கள் ஒன்பது பேர் சிங்கப்பூர் சென்றோம். எழுபத்தாறு வயதான என் தாயார். நான், என் மனைவி, எங்கள் மகனும் மகளும். சார்ஜாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள். திட்டம் தீட்டுவதற்கென்றே தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினான். நாற்பது நாள்கள் அதில் விவாதம் நடந்தது. எந்தக் கப்பல், எந்த மாடி, எந்தப் பூங்காவில் எந்த இராட்டினம், வரிசையில் நிற்காமல் முந்திச்செல்லும் சீட்டு வாங்குவதா வேண்டாமா! நாடாளுமன்றம்கூட இத்தனை நுணுக்கமாகப் பேசியிராது. அந்தக் குழுவில் ஏழு பேர் இருந்தோம். இல்லாதவர்கள் இருவர். பொத்தான் வைத்த பழைய கைப்பேசி மட்டுமே வைத்திருந்த என் தாயார் ஒருவர். கைப்பேசியே இல்லாத ஏழு வயதுச் சிறுமி மற்றவர். அவர்களைக் கேட்கக் கூடாது என்று எவரும் முடிவு செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பூங்காவுக்குச் சென்ற நாளில் அந்த இருவரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் கேளுங்கள். அத்தகைய பூங்காக்களில் பெரிய இராட்டினம் ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். 122 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் ஏற இயலாது, சிலவற்றில் 125. பாதுகாப்புக்கான விதி, குறைகூற ஒன்றுமில்லை. சிறுமியின் உயரம் 118. பக்கத்திலேயே இன்னொரு பலகை: இதய நோய் உள்ளவர்கள், முதுகுவலி உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தவிர்க்கவும். என் தாயாருக்கு அந்தப் பட்டியலில் இரண்டு பொருந்தின. ஆக, ஒன்பது பேருக்கு நுழைவுச் சீட்டு வாங்கி, ஏழு பேர் வரிசைக்கு வரிசை ஓடினோம். காலை பத்து மணி முதல் மாலை வரை, ஒரு படகுச் சவாரி நீங்கலாக, என் தாயாரும் அந்தக் குழந்தையும் ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி எங்கள் ஏழு பேரின் பைகள், குடைகள், தண்ணீர்ப் புட்டிகள். எனக்கு அப்போது மனம் உறுத்தவில்லை. பைகளுக்கு ஓர் ஆள் இருப்பது வசதியாகத்தான் இருந்தது.

இந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. உலகின் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியாகிவிட்ட டிஸ்னிலாந்து பிறந்ததே ஒரு பெஞ்சில்தான். வால்ட் டிஸ்னியே சொன்ன செய்தி இது. விடுமுறை நாள்களில் தம் இரு பெண் குழந்தைகளையும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வாராம். குழந்தைகள் குடை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தகப்பன் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ்வதற்கு ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது. 1955 ஜூலை 17 அன்று அனாஹைமில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. பெஞ்சிலிருந்து பெரியவர்களை எழுப்புவதற்காகத் தோன்றிய ஒன்று, எழுபது ஆண்டுகளுக்குள், பெரியவர்களில் மூத்தவரை மீண்டும் அதே பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. பழியைப் பூங்கா கட்டியவர்மேல் போட எனக்கு மனமில்லை. சேர்ந்து அமர்ந்து செல்லும் மெதுவான தொடர்வண்டிகளும் படகுகளும் காட்சி அரங்குகளும் அங்கே இல்லாமலில்லை. நாங்கள்தான் அவற்றை ‘நேர விரயம்’ என்று பட்டியலிலிருந்து நீக்கியிருந்தோம்.

கப்பலையும் பூங்காவையும் ஒரே சீட்டில் இணைத்து விற்பதும் அமெரிக்காவில் பழகிய வாணிபம்தான். 1980-களில் பிரீமியர் என்ற கப்பல் நிறுவனம் ஃபுளோரிடாவிலிருந்து சில நாள் கடற்பயணத்தையும் டிஸ்னி பூங்காவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வாரப் பயணமாக விற்றது. டிஸ்னி நிறுவனம் தானே கப்பல் விட்டது 1998-இல். இப்போது பூங்காவே கப்பலுக்குள் ஏறிவிட்டது: சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்டு, 2026 மார்ச்சில் முதற்பயணம் என அறிவிக்கப்பட்ட அந்நிறுவனத்தின் புதிய கப்பல், ஏறத்தாழ 6,700 பயணிகளைச் சுமக்கக்கூடியது. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூனில் ஒரு சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு அது அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் போய்வந்தது. அதன் முதற்பயணங்களின்போது, கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற எதிர்ப்பால், புதுச்சேரிக் கரையில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. நாளிதழ்களில் பெரிய விவாதம் நடந்தது. சூதாட்டத்தைக் கண்டித்துப் பேசிய நாம் எவரும், அந்தக் கப்பலின் பல மாடிகளில் ஒரு பாட்டிக்கு எந்த மாடியில் என்ன வேலை என்று கேட்கவில்லை.

ஏனெனில் சொகுசுக் கப்பலின் அமைப்பே வயதுவாரியாகப் பிரித்துவைப்பது. குழந்தைகளுக்கு ஒரு கூடம், இளைஞருக்கு ஓர் ஆட்டக்களம், ஆண்களுக்கு மதுக்கூடம், பெண்களுக்குக் கடைவீதி. ஒன்றாக இருப்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரிந்து இருப்பவர்கள்தான் செலவு செய்வார்கள். கப்பல்காரர் கணக்கு அது. அதை அவர் மறைக்கவுமில்லை. நாமோ அதைக் ‘குடும்பப் பயணம்’ என்று பெயர் மாற்றி நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். மூன்று இரவுகளில் எங்கள் ஒன்பது பேரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டது ஒரே ஒரு முறை. அதுவும் படம் எடுப்பதற்காக.

என் தாயாருக்கு ஒதுக்கிய அறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் கடலைப் பார்த்த அறைகள் உண்டு. உட்புறத்தில் சாளரமே இல்லாத அறைகளும் உண்டு. உள்ளறைதான் மலிவு. “அம்மா தூங்கத்தானே போறாங்க” என்று குழுவில் யாரோ எழுதினார்கள். எழுதியது நான்தானோ என்று இப்போதும் ஐயமாயிருக்கிறது. இரண்டு பேத்திகளோடு அவரை அந்த உள்ளறையில் தங்கவைத்தோம். அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து முற்றத்தில் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகியவர், இருட்டறையில் படுத்துக்கொண்டு, “பொழுது விடிஞ்சிருச்சா?” என்று பேத்திகளை எழுப்பிக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் அதை எங்களிடம் நகைச்சுவையாகச் சொன்னார்கள். நாங்களும் சிரித்தோம்.

கூட்டாக வாழ்வது எப்படி என்று வெளியூரிலிருந்து யாரும் வந்து காரைக்குடிக்காரர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் நகரத்தார் அல்லோம். ஆயினும் அவர்கள் வீட்டு நிழலில் வளர்ந்தவர்கள். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த வீடுகளில், பல தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். வெளியூரார் பலர் அறியாத ஒன்று, அவர்கள் எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்ணவில்லை என்பது. மகனுக்குத் திருமணம் ஆனபின் அவனை ‘வேறுவைப்பது’ என்று ஒரு வழக்கம். அதே வீட்டில் அவனுக்கெனத் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுச் செலவுக்கு அளந்து கொடுக்கும் பொருள். அவனவன் குடும்பம் ஒரு தனிப் ‘புள்ளி’. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒருவர் உலையை மற்றவர் திறந்து பார்க்கும் தேவை இல்லை. ஆனால் வளவு பொது; முகப்பு பொது; நல்லதும் கெட்டதும் பொது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடக்காமல் எவரும் வெளியே போகவோ உள்ளே வரவோ இயலாது. வீட்டின் நடுவே அவர்களுக்கு இடம் இருந்தது. அவரவர் போக்குக்கு இளையவர்களுக்கும் இடம் இருந்தது.

குறைகள் இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆண்கள் கப்பலேறிப் போக, பெண்கள் அந்தப் பெரிய வளவுகளில் கடிதத்துக்குக் காத்திருந்த கதைகள் இந்த ஊரில் ஏராளம். கடற்பயணம் என்பது அன்று ஆண்களுடையது. பெண்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் தகரப் பெட்டிகளும் கடிதங்களும்தான்.

என் தாயாருக்கும் அப்படி வந்த ஒரு பெட்டி உண்டு. கடும் பச்சை நிறத் தகரப்பெட்டி. இன்றும் எங்கள் வீட்டுக் கட்டிலின் அடியில் கம்பளிகளைத் தாங்கிக் கிடக்கிறது. அவருடைய தகப்பனார் 1950-இல் பினாங்குக்குப் போய் ஒரு கடையில் கணக்கெழுதினார். 1961-இல் அந்தப் பெட்டியோடு திரும்பினார். போனதும் வந்ததும் ரஜூலா கப்பலில். நம் மாவட்டத்து முதியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் மாறும். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம்மவர்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள். 1974-இல் அதை உடைத்துவிட்டார்கள். அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985 பிப்ரவரியில் தீக்கு இரையானதோடு அந்தக் கடல்வழி நின்றுபோயிற்று.

இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்கள் எந்தத் துறைகளுக்குப் போகின்றன? பினாங்கு. போர்ட் கிள்ளான், அதாவது பழைய போர்ட் சுவெட்டன்ஹாம். தாத்தா பாய் விரித்துப் படுத்துப் போன அதே நீரில், அவர் மகளை ஐந்து வேளை உணவோடு அழைத்துப் போனோம். எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. பினாங்கு என்ற பெயர் எங்கள் அட்டவணையில், ‘மலை இரயில், பத்து மணி’ என்ற குறிப்போடு மட்டும் இருந்தது.

பினாங்கில் கப்பல் கரையோரமாகவே அணைகிறது. ஜார்ஜ் டவுன் நகரம் இறங்கியவுடன் வந்துவிடும். நாங்கள் எட்டுப் பேர் இறங்கி மலைக்குப் போனோம். பூங்காவில் உட்கார்ந்தே மூட்டு வீங்கியிருந்த என் தாயாரிடம், “நீங்க ஓய்வெடுங்கம்மா” என்றேன். சரி என்றார். மாலையில் திரும்பியபோது, கப்பலில் பணிபுரியும் தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, “பாட்டி ரொம்ப நேரமாக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஊரையே பாத்துக்கிட்டு நின்னாங்க சார். நான்தான் நாற்காலி போட்டேன்” என்றார். காற்று வாங்க நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற தாயைப் பற்றி, ஊர்பேர் அறியாத ஒரு பிள்ளைக்குத் தோன்றிய அக்கறையில் பாதி எனக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பி மூன்றாம் நாள், என் தம்பி மகள் தரையில் படுத்து ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கப்பல், கரையில் ஒரு தேவாலயம், அதன்மேல் சிலுவை. வேளாங்கண்ணியா என்று கேட்டேன். “இல்ல பெரியப்பா. இது அப்பத்தாவோட அப்பா பூசை பாத்த கோயில். நம்ம கப்பல் நின்ன ஊர்லதான் இருக்கு. அங்க ஏன் நம்ம போகல?” என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாள் முழுவதும் அப்பத்தா அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கதையைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத தன் தாய்க்கு, பள்ளிச் சிறுமியான அவர்தான் பினாங்குக் கடிதங்களைப் படித்துக் காட்டுவாராம். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் தாத்தா மறவாமல் எழுதுவது, இந்த ஞாயிறு சவேரியார் கோயிலில் பூசை கண்டேன், உங்களுக்காக வேண்டிக்கொண்டேன் என்பது. ஜார்ஜ் டவுனில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் அது. கப்பல் நின்ற துறையிலிருந்து வாடகை வண்டியில் பத்து நிமிடத்தில் போயிருக்கலாம். மூட்டுவலிக்காரர் மலை ஏற வேண்டியதில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம்.

“ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்கதான் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டீங்களேய்யா. நடுவுல நான் ஒண்ணு சொன்னா, கட்டின பணமெல்லாம் வீணாப்போயிரும்ல” என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டபின்னும், “அம்மாதான் எதையும் கேட்கவில்லையே” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் தம்பியே சொன்னான். நம் இல்லத்துத் தாய்மார்கள் கேட்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாதா? எழுபது ஆண்டுகளாக மீன்துண்டில் நடுப்பகுதியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு வாலைத் தின்றவர், எனக்கு வால்தான் பிடிக்கும் என்று சொன்னால், அதை நம்பும் அளவுக்கு நாம் பேதைகளா? அவர்கள் வாய் திறவாமையை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்வது அறியாமையால் அன்று. அது நமக்கு வசதியாக இருக்கிறது.

2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். நம் பங்குகளிலும் அன்று முதியவர்களை முன்வரிசையில் அமர்த்தி, சால்வை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம். மிக நன்று. அடுத்த கோடைக்கான பயணத் திட்டம் போடும்போது அதே சால்வைக்காரரை ஒரு வார்த்தை கேட்கிறோமா? ‘மூன்று தலைமுறைப் பயணம்’ என்பது நம் வீடுகளில் பெரும்பாலும், நடுத் தலைமுறை தன் மனச்சாட்சிக்கும் உறவினருக்கும் காட்டுவதற்காக எடுத்துக்கொள்ளும் ஒரு படம். மூத்த தலைமுறை அதில் சட்டத்தை நிரப்ப வருகிறது. பல வீடுகளில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வருகிறது. கூலியில்லா ஆயாவுக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அம்மாவை வெளிநாடு காட்டினேன் என்று சொல்லிக்கொள்பவர்களை நான் அறிவேன். நகையை அடகு வைத்துப் போய்வந்து, வட்டி கட்டும் ஆண்டு முழுவதும் அந்தச் செலவைப் பெற்றோர் காதுபடப் பேசுபவர்களையும் அறிவேன்.

அப்படியானால் போகவே வேண்டாமா? போங்கள் என்றே சொல்வேன். ஆனால் திட்டத்தை இராட்டினத்திலிருந்து தொடங்காமல், மெதுவாக நடப்பவரின் காலிலிருந்து தொடங்குங்கள். அவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை தொலைவு நடப்பார், எத்தனை முறை கழிப்பறைக்குப் போவார், எத்தனை மணிக்கு உண்பார்: இவற்றை எழுதிவைத்துக்கொண்டு பிறகு பூங்காவின் வரைபடத்தை விரியுங்கள். அரை நாள் போதும் என்பது தெரியவரும். மீதி அரை நாள் இளையவர்கள் ஓடட்டும்; ஆனால் முறைவைத்து ஒருவர் எப்போதும் பெஞ்சில் இருக்கட்டும், பைகளைக் கையில் வாங்கிக்கொண்டு. பூங்காவுக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு நாள் வெறுமனே விடுங்கள். கப்பல் எவருக்காகவும் காத்திருக்காது. புறப்படும் நாளன்று காலையில் விமானத்தில் போய் இறங்குவது, எழுபது வயதுக்காரரை ஓடவைப்பதற்குச் சமம். சாளரமுள்ள அறை ஒன்றே ஒன்று எடுக்க வசதியிருந்தால் அது முதியவருக்கு. பிள்ளைகள் உள்ளறையில் நன்றாகவே தூங்குவார்கள். பூக்கெட் போன்ற சில இடங்களில் கப்பல் கரையை அணையாமல் கடலிலேயே நிற்கும். ஆடும் சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது இயலுமா என்று முகவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார். கப்பல் மருத்துவர் இலவசம் அல்லர். காப்பீட்டு ஆவணத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், கப்பலில் ஒப்படைக்கும் பெட்டியில் வேண்டாம். சிங்கப்பூரில் ஒரு ஞாயிறு அமைந்தால், ஓபிர் சாலையில் 1888-இல் கட்டி முடித்த லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த கோயில். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது உங்கள் பாட்டியோடு ஊர்விசாரித்துப் பேச அங்கே யாராவது இருப்பார்கள். பூங்காவில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது.

தொலைவான வெளிநாடே வேண்டுமென்பதும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டு 16 அன்று புறப்பட்ட பயணிகள் கப்பலுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சிவகங்கை’. நம் மாவட்டத்தின் பெயர். நூற்றைம்பது பேர் அமரும் சிறு கப்பல்; ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்; மழைக்காலத்தில் ஓடாது. இராட்டினமும் சூதாட்டமும் அதில் இல்லை. ஆறாயிரம் பேரின் கப்பலில் தொலைந்துபோகும் ஒரு குடும்பம் அதில் தொலைய வழியில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், திட்டத்தின் முதல் வரியை முதியவரிடமிருந்து வாங்குங்கள். “உங்களுக்கு எங்கே போக வேண்டும்?” என்று கேட்டால், “உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போவோம்யா” என்றுதான் முதலில் பதில் வரும். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். மறுநாளும் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பது கேட்பதாகாது.

2024 டிசம்பரில், சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கிய செய்தியை நாளிதழில் கண்டு என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். முன்பு அவர் தம் தாய்க்குப் பினாங்குக் கடிதங்களைப் படித்துக் காட்டியதுபோல. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் அவராகவே, “என்னோட பாஸ்போர்ட் இன்னும் செல்லுமா?” என்றார். செல்லும் என்றேன்.

“சின்னவளுக்கு எப்ப லீவுன்னு உன் தம்பியக் கேளு. அவ வந்தா வர்றேன். அந்தக் கோயில்ல தமிழ்ப் பூசை எத்தன மணிக்குன்னும் விசாரிச்சு வை.”

தம்பியிடம் கேட்டிருக்கிறேன். ஆலயத்திற்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.